ஹேண்ட்பிரேக் மென்பொருள்: அகலத்திரை வீடியோவின் அளவு கெடாமல் சுருக்குவது எப்படி

வடசென்னையில் திருமணம், தேர்த்திருவிழா, கேரம் போட்டி, கால்பந்தாட்டம் என்று எதைப் படம் பிடித்தாலும் அது கடைசியில் பென்டிரைவில் ஒரு எம்.பி.4 கோப்பாகத்தான் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. பெரிய கோப்பைச் சிறிதாக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் படத்தின் வடிவம் பெரும்பாலும் கெடுகிறது. அகலத்திரையில் எடுத்த படம் நெருக்கப்பட்டு ஆட்கள் ஒல்லியாகிறார்கள். பழைய 4:3 படம் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) இழுக்கப்பட்டு முகங்கள் பருமனாகின்றன. அல்லது நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை சூழ, நடுவில் சிறிய சதுரமாகப் படம் ஓடுகிறது. "அண்ணே, டி.வி.யில போட்டா எல்லாரும் ஒட்டடைக்குச்சி மாதிரி தெரியறாங்க" என்று சொல்லிக்கொண்டு பென்டிரைவைத் திரும்பக் கொண்டுவருபவர்களைத் தண்டையார்பேட்டை வட்டாரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க நான் நம்பிப் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள். அதன் எல்லா வசதிகளையும் இங்கே மதிப்பிடப் போவதில்லை. அகலத்திரை வீடியோவைச் சுருக்கும்போது அளவை ஒழுங்காக வைத்துக்கொள்ள அது எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே நாம் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எந்த அளவில் சேமிக்கப்படுகிறது, எந்த அளவில் திரையில் காட்டப்படுகிறது என்ற இரண்டையும் தனித்தனியாகக் கண்முன் காட்டுகிற மென்பொருள் என்பதால் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் தானியங்கியாக அது எடுக்கும் முடிவுகளை அப்படியே ஏற்றுக்கொள்வது, குறிப்பாகப் பழைய கேசட்டுகளுக்கு, சரிவராது.

2003ஆம் ஆண்டில் எரிக் பெத்தி என்னும் பிரெஞ்சு நிரலாளர் பீ.ஓ.எஸ். என்ற இயங்குதளத்திற்காகத் தொடங்கிய இந்த மென்பொருளின் 1.0 பதிப்பு 2016 டிசம்பர் 24 அன்றுதான் வெளிவந்தது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. மூல நிரல் அனைவருக்கும் திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை, வெளியிடும் கோப்பின் மேல் வாட்டர்மார்க் எதுவும் விழுவதில்லை.

அளவுச் சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பொத்தானைத் தட்டியும் பயனில்லை. நம் நாட்டில் பின்பற்றப்படும் பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில், மினி டிவி (MiniDV) கேசட்டில் பதிவாகும் ஒவ்வொரு படச் சட்டமும் 720×576 பிக்சல் கொண்டது. 4:3 படமாக இருந்தாலும் 16:9 அகலத்திரைப் படமாக இருந்தாலும் கேசட்டில் இருப்பது அதே 720×576தான். டிவிடி வட்டிலும் இதே கதைதான். இரண்டுக்கும் வேறுபாடு பிக்சலின் வடிவத்தில் இருக்கிறது. 16:9 படத்தில் ஒவ்வொரு பிக்சலும் உயரத்தைவிட அகலம் கூடியதாக, 64:45 என்ற விகிதத்தில், காட்டப்பட வேண்டும். அப்படிக் காட்டினால் 720 என்பது 1024 ஆக விரிந்து, 1024×576 என்ற சரியான அகலத்திரை கிடைக்கிறது. இந்த விகிதம் கோப்பின் தலைப்பகுதியில் ஒரு சிறு குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பு தொலைந்தாலோ, பிளேயர் அதைப் படிக்காமல் விட்டாலோ, பிக்சல்கள் சதுரமாகவே காட்டப்பட்டு, 1.78 ஆக இருக்க வேண்டிய அகல உயர விகிதம் 1.25 ஆகக் குறுகிவிடுகிறது. அதாவது அகலத்தில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு போய்விடுகிறது. மணமக்கள் ஒல்லியாவதற்கு இதுதான் காரணம்.

கேசட் காலம் முடிந்த பிறகும் இது முடியவில்லை. திருமண வீடியோக்காரர்கள் பல ஆண்டுகள் பயன்படுத்திய எச்.டி.வி. (HDV) கேமராக்கள் 1440×1080 பிக்சலில் பதிவு செய்து, ஒவ்வொரு பிக்சலையும் 4:3 விகிதத்தில் விரித்து 1920×1080 ஆகக் காட்டும்படி அமைந்தவை. அந்தக் கோப்பை எடிட்டிங் மென்பொருளில் தவறான சீக்வென்ஸில் (படத்தின் அளவையும் வடிவையும் முடிவு செய்யும் எடிட்டிங் வரிசையில்) போட்டு எக்ஸ்போர்ட் செய்தால், தெளிவு நன்றாகவே இருக்கும்; ஆட்கள் மட்டும் முக்கால் அகலத்தில் நிற்பார்கள்.

எனவே ஹேண்ட்பிரேக்கைத் திறப்பதற்கு முன் கோளாறு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேப்சர் செய்த (கேசட்டிலிருந்து கணினியில் ஏற்றிய) கோப்பு, எடிட் செய்து வெளியிட்ட கோப்பு, சுருக்கிய கோப்பு ஆகிய மூன்றையும் மீடியாஇன்ஃபோ என்னும் இலவசக் கருவியில் ஒவ்வொன்றாகத் திறந்து, அகலம், உயரம், டிஸ்பிளே ஆஸ்பெக்ட் ரேஷியோ (திரையில் காட்ட வேண்டிய அகல உயர விகிதம்) என்ற மூன்று வரிகளை ஒப்பிட்டால் போதும். கேப்சர் செய்த கோப்பில் 720, 576, 16:9 என்று இருந்து, எடிட்டிங்கிலிருந்து வந்த கோப்பில் 720, 576, 4:3 என்று மாறியிருந்தால், பிழை எடிட்டிங் சீக்வென்ஸில் இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கில் என்ன மாற்றினாலும் அது ஒட்டுப்போடும் வேலைதான். அடோபி பிரீமியரில் வேலை செய்பவர்கள், கிளிப்பின் மேல் 'இன்டர்பிரட் ஃபுட்டேஜ்' என்ற இடத்தில் பிக்சல் விகிதத்தை அகலத்திரைக்கு மாற்றி, சீக்வென்ஸையும் அகலத்திரை பால் வகையாக அமைத்து, மறுபடி எக்ஸ்போர்ட் செய்வதுதான் நேரான வழி.

எண்களைப் பார்த்து ஏமாறாமல் இருக்கக் கண்ணுக்கு ஒரு சான்றும் வேண்டும். மனித முகத்தை வைத்து விகிதத்தைக் கணிப்பது நம்பத்தக்கதன்று. சற்று ஒல்லியான முகமும் சற்று அகன்ற முகமும் இயல்பாகவே இருக்கின்றன. வடசென்னைக்காரர்களுக்கு இதற்கு மிகச் சிறந்த அளவுகோல் கையருகிலேயே இருக்கிறது. அது கேரம் பலகை. வியாசர்பாடி, புதுவண்ணாரப்பேட்டை, காசிமேடு என்று தெருவுக்குத் தெரு கேரம் ஆடப்படும் வட்டாரம் இது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான். போட்டி விதிப்படி பலகையின் ஆடுபரப்பு 73.5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 74 சென்டிமீட்டருக்கு மிகாமலும் உள்ள சதுரம். காய்களும் ஸ்டிரைக்கரும் நடுவட்டமும் வட்டமானவை. பலகைக்கு நேர் மேலே கேமராவைக் கட்டி எடுத்த காட்சியைத் திரையில் நிறுத்தி, ஒரு ஸ்கேலை வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. உயரம் 20 சென்டிமீட்டர் இருக்கும்போது அகலம் 15 மட்டுமே இருந்தால், 16:9 படம் 4:3 ஆக நெருக்கப்பட்டிருக்கிறது. அகலம் 14க்கு அருகில் இருந்தால், பிக்சல் விகிதக் குறிப்பே காணாமல் போயிருக்கிறது. அகலம் 26 அல்லது 27 ஆக இருந்தால், 4:3 படம் அகலத்திரைக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. திருமண வீடியோவில் கேரம் பலகை இருக்காது. ஆனால் மண்டபத்தின் சுவர்க்கடிகாரம், நேராக நின்று எடுத்த தாம்பாளம், காரின் சக்கரம் என ஏதேனும் ஒரு வட்டம் எப்படியும் கிடைத்துவிடும்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். ஹேண்ட்பிரேக்கில் கோப்பைத் திறந்தவுடன் 'டைமென்ஷன்ஸ்' என்ற தாவலுக்குச் (டேப்) செல்ல வேண்டும். இந்தத் தாவலுக்காகவே நான் இந்த மென்பொருளை மதிக்கிறேன். அதன் கடைசிப் பகுதியில், சேமிப்பு அளவு, காட்சி அளவு என்ற இரண்டும் அருகருகே எண்ணாகத் தெரியும். 720×576 சேமிப்பு, 1024×576 காட்சி என்று இருந்தால், கோப்பின் உள்ளே நெருக்கிய படமும் அதை விரிக்கச் சொல்லும் குறிப்பும் இருக்கின்றன என்று பொருள். இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தால் பிக்சல்கள் சதுரமாகிவிட்டன, எந்தக் குறிப்பையும் நம்ப வேண்டியதில்லை என்று பொருள். அமைப்பை மாற்ற மாற்ற இந்த எண்களும் உடனுக்குடன் மாறுவதால், எக்ஸ்போர்ட் முடிந்து கோப்பைத் திறந்து பார்த்த பிறகுதான் விளைவு தெரியும் என்ற நிலை இங்கே இல்லை. இதைவிடப் பல மடங்கு விலையுள்ள எடிட்டிங் மென்பொருள்களின் எக்ஸ்போர்ட் பலகைகளில்கூட இந்த இரண்டு எண்களும் இவ்வளவு வெளிப்படையாக அருகருகே வைக்கப்படுவதில்லை.

அதே தாவலில் உள்ள 'அனமார்ஃபிக்' (நெருக்கிச் சேமித்து விரித்துக் காட்டும் முறை) என்ற தேர்வுதான் முடிவெடுக்க வேண்டிய இடம். அதை ஆட்டோமேட்டிக் நிலையில் விட்டால், மூலக் கோப்பின் பிக்சல் விகிதம் அப்படியே காக்கப்படும். 720×576 படம் 720×576 ஆகவே சேமிக்கப்பட்டு, குறிப்பு மட்டும் கூடவே செல்லும். அனமார்ஃபிக் வேண்டாம் என்ற தேர்வை வைத்தால், மென்பொருளே படத்தைச் சதுரப் பிக்சலுக்கு மாற்றி அளவைக் கணக்கிடும். எது நல்லது என்பது கோப்பு எங்கே போகப் போகிறது என்பதைப் பொறுத்தது. நம்மிடமே பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும் பிரதிக்கு ஆட்டோமேட்டிக் பொருத்தமானது. இருக்கிற பிக்சலை மாற்றாமல் வைத்திருப்பதே நேர்மையான பாதுகாப்பு. வாடிக்கையாளரின் கைக்குப் போகும் பிரதிக்குச் சதுரப் பிக்சலைத்தான் நான் வலியுறுத்துவேன். வி.எல்.சி. போன்ற கணினி பிளேயர்கள் குறிப்பைச் சரியாகப் படிக்கின்றன; ஆனால் தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. பிளேயர், மண்டபத்து எல்.இ.டி. சுவரை இயக்கும் பெட்டி, பழைய செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றில் பல அதைக் கண்டுகொள்வதில்லை. எந்த வீட்டில் எந்தத் தொலைக்காட்சி இருக்கிறது என்று நமக்குத் தெரியாத நிலையில், குறிப்பே தேவைப்படாத கோப்பைக் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு.

அகலத்திரை கேசட்டைச் சதுரப் பிக்சலாக்கும்போது 1024×576 என்ற அளவை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எச்.264 முறை படத்தை 16×16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. 1024ஐ 16ஆல் வகுத்தால் 64, 576ஐ வகுத்தால் 36; மீதமே இல்லை. 1280×720க்கும் அப்படியே. 1080 மட்டும் 16ஆல் வகுபடாது; அதனால் உள்ளுக்குள் 1088 வரிகளாகச் சுருக்கப்பட்டு, மிகுதியான 8 வரிகளை மறைக்கச் சொல்லும் குறிப்பு சேர்க்கப்படுகிறது. வி.எல்.சி.யின் கோடெக் தகவல் பக்கத்தில் 1920×1088 என்று ஒரு வரியைக் கண்டு திகைத்தவர்களுக்கு விளக்கம் இதுதான். அங்கே கோளாறு எதுவும் இல்லை. 480 உயரத்துக்குச் சரியான அகலம் 853.33 என்று வருவதால், 854 என்றும் 848 என்றும் இரு வழக்குகள் புழங்குகின்றன. இரண்டிலும் ஏற்படும் விகித மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஒற்றைப்படை எண்ணை மட்டும் தவிர்க்க வேண்டும். நிறத் தகவல் இரண்டு பிக்சலுக்கு ஒன்று என்று சேமிக்கப்படுவதால், அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருப்பது கட்டாயம்.

இந்த மென்பொருளில் நான் குறை சொல்லும் இடம் தானாக ஓரங்களை வெட்டும் 'க்ராப்பிங்' வசதி. கோப்பைத் திறந்தவுடன் அது சில இடங்களிலிருந்து மாதிரிச் சட்டங்களை எடுத்துப் பார்த்து, ஓரத்தில் கறுப்பாக இருப்பவற்றையெல்லாம் வெட்ட வேண்டிய பட்டை என்று முடிவு செய்கிறது. திரைப்பட டிவிடிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இரவு நேரத்தில் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மாசித் திருவிழாவின் வீதி உலாவை எடுத்த கேசட்டில், மேற்புறம் முழுவதும் இருள் வானமாக இருக்கும். எடுத்துக்கொண்ட மாதிரிச் சட்டங்கள் அனைத்திலும் மேலே இருளாகவே அமைந்துவிட்டால், வானத்தோடு சேர்த்து, வேறொரு காட்சியில் அங்கே தெரியும் கோபுரக் கலசமும் வெட்டுப்படும் அபாயம் உண்டு. அதோடு, கேசட்டுக்குக் கேசட் வெட்டும் அளவு மாறுவதால், ஒரே திருமணத்தின் மூன்று பாகங்கள் மூன்று வெவ்வேறு அளவில் வெளிவரும். பிற்பாடு அவற்றை ஒன்றாக இணைக்க முயல்பவருக்குத் தலைவலிதான். விருப்பத்தேர்வுகளில் மாதிரிச் சட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். சற்றுத் தயக்கத்தோடு வெட்டும் 'கன்சர்வேட்டிவ்' என்ற நிலையும் இருக்கிறது. ஆனால் கேசட் வேலைக்குக் கையால் எண் கொடுப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

எவ்வளவு வெட்டுவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 720 பிக்சல் அகலத்தில் உண்மையான படம் தர நிர்ணயப்படி ஏறத்தாழ 702 பிக்சல்தான். இரு ஓரமும் அனலாக் காலத்தின் மிச்சமான வெற்றிடம். இதனால்தான் அடோபி நிறுவனம் சி.எஸ்.4 பதிப்பு முதல் பால் அகலத்திரையின் பிக்சல் விகிதத்தை 1.422 என்பதிலிருந்து 1.4587 என்று மாற்றியது. அந்தக் கணக்கில் 720 பிக்சல் 1050 ஆக விரியும். 702 பிக்சல் துல்லியமாக 1024 ஆக விரியும். இரு பக்கமும் எட்டெட்டுப் பிக்சலை வெட்டி 704 ஆக வைத்துக்கொண்டு, அதை 1024க்கு விரித்தால் ஓரக் கறுப்புக் கோடும் போய்விடும், விகிதமும் பொருந்திவிடும். ஓரம் வரை படம் நிறைந்திருக்கும் கேசட்டுகளும் உண்டு. அவற்றில் முழு 720ஐயும் 1024 ஆக்குவதா, இதே முறையில் வெட்டுவதா என்ற ஐயம் எழும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 2.5 விழுக்காட்டுக்குள் அடங்குவதால் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சதுரமான பொருளை அளந்துதான் சொல்ல முடியும். இந்த நுணுக்கம் திருமண வீட்டாருக்குத் தேவையில்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு முறை சரியாக அமைத்துச் சேமித்துவிட்டால், அதன் பிறகு எந்தக் கூடுதல் உழைப்பும் இல்லாமல் எல்லாக் கேசட்டுக்கும் அது பொருந்தும் என்பதால், சரியாகவே செய்துவிடலாம் என்பது என் பதில்.

அளவு மாற்றத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தது இன்டர்லேஸ் சிக்கல். கேசட்டில் ஒவ்வொரு சட்டமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக, நொடிக்கு 50 பாதிகள் வீதம் பதிவாகியிருக்கிறது. இந்தப் பாதிகளைப் பிரிக்காமல் உயரத்தை மட்டும் மாற்றினால், இரு பாதிகளும் ஒன்றோடொன்று கலந்து, அசையும் பொருளின் விளிம்பில் சீப்புப் பல் போன்ற கோடுகள் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பிறகு அவற்றை நீக்கவே முடியாது. ஹேண்ட்பிரேக் வரிகளைப் பிரிக்கும் வேலையை முதலிலும் அளவு மாற்றும் வேலையைப் பின்னரும் செய்வதால், 'ஃபில்டர்ஸ்' தாவலில் டீஇன்டர்லேஸைத் தேர்வு செய்துவிட்டால் ஆபத்து இல்லை. அதில் 'பாப்' என்ற நிலையைத் தேர்ந்தால் ஒவ்வொரு பாதியும் ஒரு முழுச் சட்டமாகி, நொடிக்கு 50 சட்டங்கள் கிடைக்கும். கேரம் ஸ்டிரைக்கர் பாய்வதும், வியாசர்பாடி மைதானத்தில் பந்து உதைபடுவதும் 25 சட்டங்களில் இழுபட்ட கறையாகத் தெரியும். 50இல் பொருளாகத் தெரியும். ஆனால் ஹேண்ட்பிரேக்கைத் திறந்தவுடன் தயாராக நிற்கும் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற முன்னமைப்பு, பெயருக்கேற்ப நொடிக்கு 30 சட்டங்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. எனவே வீடியோ தாவலில் சட்ட வேகத்தை 50 என்று மாற்றினால்தான் பாப் நிலையின் பயன் கிடைக்கும். திருமண வீடியோவுக்கு 25 போதும்.

கோப்பின் எடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மினி டிவி கேசட்டை அப்படியே கணினியில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும். ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்னும் தர எண்ணைப் பயன்படுத்துவதே நல்லது. எண் குறையக் குறையத் தரமும் எடையும் கூடும். 576 வரிப் படத்துக்கு 18 முதல் 22 வரையும், 1080க்கு 20 முதல் 24 வரையும் மென்பொருளின் கையேடே பரிந்துரைக்கிறது. கோப்பு பெரிதாகிறது என்பதற்காகப் படத்தின் அளவைக் கண்டபடி குறைப்பவர்கள் முதலில் இந்த எண்ணை ஓரிரு படி கூட்டிப் பார்க்க வேண்டும். யூடியூபுக்கு ஏற்றுவோருக்கு வேறு கணக்கு. 720 வரிப் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் என்பது யூடியூபின் பரிந்துரை. ஒரு மணி நேரத்துக்கு அது 2.25 ஜி.பி. ஆகும்.

576 வரிக் கேசட்டை 1080க்கு உயர்த்தித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கால கேமராக்கள் பலவற்றில் இருந்தது 4:3 சென்சார்தான். அகலத்திரை என்ற பொத்தானை அழுத்தினால், மேலும் கீழும் வெட்டி, 576 வரியில் 432 வரியளவு படத்தைத்தான் எடுத்து விரித்தன. இல்லாத நுட்பத்தை எண்ணிக்கையால் வரவழைக்க முடியாது. ஹேண்ட்பிரேக்கும் தன் இயல்பில் படத்தைப் பெரிதாக்க மறுக்கிறது. 'அலவ் அப்ஸ்கேலிங்' என்பதை நாமாகத் தேர்ந்தால்தான் பெரிதாக்கும். இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

4:3 கேசட்டை அகலத்திரையில் காட்டுவதற்குப் புதிய பதிப்புகளில் 'பார்டர்ஸ்' என்ற வசதி வந்திருக்கிறது. 768×576 படத்தின் இரு பக்கமும் 128 பிக்சல் கறுப்புப் பட்டை சேர்த்து 1024×576 ஆக்கிவிடலாம். தொலைக்காட்சி தானாகவே படத்தை இழுத்துக் காட்டும் பழக்கமுள்ள வீடுகளுக்கு இது நல்ல தீர்வு. யூடியூபுக்கு இதைச் செய்யக்கூடாது. அந்தத் தளம் தன் திரைக்கேற்பப் பட்டையைத் தானே சேர்த்துக்கொள்கிறது. நாமும் சேர்த்தால், கைபேசியில் நான்கு பக்கமும் கறுப்பு சூழ்ந்த குட்டிப் படம்தான் மிஞ்சும்.

கோப்பு சரியாக இருந்தும் வீட்டில் படம் தவறாகத் தெரிந்தால், தொலைக்காட்சியின் ரிமோட்டைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலான தொலைக்காட்சிகளில் படத்தின் அளவை மாற்ற ஜூம், வைடு, 4:3, ஒரிஜினல் என்று தேர்வுகள் இருக்கின்றன. கேபிள் ஒளிபரப்புக்காக யாரோ எப்போதோ மாற்றிய நிலை பென்டிரைவுக்கும் தொடரும். ஓரங்கள் மட்டும் வெட்டுப்பட்டால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைக்கும் ஓவர்ஸ்கேன் என்ற பழைய வழக்கம்தான் காரணம். 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று நிறுவனத்துக்கு நிறுவனம் வெவ்வேறு பெயரில் இருக்கும் தேர்வை இயக்கினால் முழுப் படமும் தெரியும்.

ஹேண்ட்பிரேக்கால் இயலாத செயல்களையும் சொல்லியாக வேண்டும். அதனால் இரண்டு கோப்புகளை இணைக்க முடியாது. தேவையான பகுதியைத் தொடக்க முடிவு நேரம் கொடுத்து எடுக்கலாமே தவிர, நடுவில் வெட்ட முடியாது. பாதுகாப்புப் பூட்டு உள்ள வட்டுகளை அது திறப்பதில்லை. ஸ்டுடியோக்களில் எழுதப்பட்ட திருமண டிவிடிக்களில் அந்தப் பூட்டு இருப்பதில்லை என்பதால் நமக்குத் தடையில்லை. மிக முக்கியமான குறை, வீடியோவை மீண்டும் சுருக்காமல் அதனால் எதையும் வெளியிட முடியாது என்பது. படம் நன்றாக இருந்து, விகிதக் குறிப்பு மட்டும் தவறாக இருக்கும் கோப்பை ஹேண்ட்பிரேக்கில் போட்டால், தேவையில்லாமல் ஒரு தலைமுறைத் தரம் குறையும், நேரமும் வீணாகும். அத்தகைய கோப்புக்கு எம்.கே.வி.டூல்நிக்ஸ் என்னும் இலவசக் கருவியில் காட்சி விகிதத்தை 16:9 என்று எழுதி, படத்தைத் தொடாமல் எம்.கே.வி. கோப்பாக மாற்றிவிடலாம். கட்டளை வரியில் பழகியவர்கள் எஃப்.எஃப்.எம்.பெக் கொண்டு எம்.பி.4 கோப்பிலேயே இதைச் சில நொடிகளில் செய்துவிடுவார்கள். ஆனால் அப்போதும் பிளேயர் குறிப்பை மதித்தால்தான் பயன்.

பயன்பாட்டு முறையில் இரண்டு வசதிகளைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, 'பிரிவியூ'. கோப்பின் நடுவிலிருந்து சில நொடிகளை மட்டும் சுருக்கிக் காட்டும் இந்த வசதியால், மூன்று மணி நேரத் திருமணத்தை முழுவதும் சுருக்கி முடித்த பிறகு விகிதம் தவறு என்று அறியும் துயரம் இல்லை. அந்தச் சிறு துண்டைப் பென்டிரைவில் போட்டு, வாடிக்கையாளரின் தொலைக்காட்சியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு முழு வேலையைத் தொடங்கலாம். மற்றொன்று, நம் அமைப்பைப் பெயரிட்டுச் சேமிக்கும் வசதி. அகலத்திரை கேசட்டுக்கு ஒன்று, 4:3 கேசட்டுக்கு ஒன்று, எச்.டி.வி.க்கு ஒன்று என மூன்றைச் சேமித்து வைத்துக்கொண்டு, கேசட்டுகளை வரிசையில் நிறுத்திவிட்டு இரவில் ஓடவிடலாம். உதவியாளர்கள் மாறினாலும் வெளிவரும் அளவு மாறாது.

கடலுக்கு அருகில் இருக்கும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஈரக்காற்றால் கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. கேசட்டைக் கணினியில் ஏற்றத் தேவையான ஃபயர்வயர் இணைப்புத் துளை உள்ள கேமராவும் கணினியும் அரிதாகி வருகின்றன. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய திருவொற்றியூர் நெடுஞ்சாலையும், அதில் நகர்ந்த தேரும், பக்கத்துத் தெருக் கேரம் கிளப்பின் இறுதியாட்டமும் இந்தக் கேசட்டுகளில்தான் இருக்கின்றன. இவற்றை மாற்றுவதற்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும் என்று எண்ண முடியாது என்பதால், கேப்சர் செய்த மூலக் கோப்பை வன்தட்டில் அழிக்காமல் வைத்துக்கொண்டு, சுருக்கிய பிரதியை மட்டும் கைமாற்ற வேண்டும் என்று ஸ்டுடியோ நண்பர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மென்பொருளை ஹேண்ட்பிரேக்.எஃப்.ஆர் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். 2017 மே மாதத் தொடக்கத்தில் அதன் பதிவிறக்க வழங்கிகளில் ஒன்று ஊடுருவப்பட்டு, மேக் கணினிகளுக்கான பதிப்பில் தீநிரல் கலக்கப்பட்டது; பிழை தெரிந்ததும் குழுவினரே வெளிப்படையாக எச்சரித்துச் சரிசெய்தார்கள். பதிவிறக்கப் பக்கத்தில் ஒவ்வொரு கோப்பின் செக்சம் எண்ணுக்கும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) வழி கொடுக்கப்பட்டிருக்கிறது. நிறுவும் முன் அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.